டிடெக்டர் அப்புறம், வேடர்ஸ் முதல்ல!



தலைப்புல "வேடர்ஸ்"னு பார்த்துட்டு ஏதோ கண்ணப்ப நாயனார் கதைன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது வேட்டைக்கார வேடர் இல்ல. தண்ணிக்குள்ள நடக்கிறவங்க போடுற, தண்ணி புகாத உடை. பேன்ட்டும் பூட்ஸும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். சிலது தொடை வரைக்கும், சிலது இடுப்பு வரைக்கும், சிலது நெஞ்சு வரைக்கும் வரும். மேல ரெண்டு பட்டை போட்டுத் தோள்ல மாட்டிக்கணும்.

நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல் முடிச்சுட்டு இப்போ அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அடுத்த வருஷம் உங்கள்ல சில பேர் இந்தப் பக்கம் வருவீங்க. வர்றவங்களுக்கும் வராதவங்களுக்கும் சேர்த்து நான் சொல்ல வர்ற கருத்து ஒண்ணுதான். ஒரு வேலைக்குக் கருவி வாங்கும்போது நாம முதல்ல சென்சாருக்குக் காசு கொடுக்கிறோம், அந்த சென்சாரைப் பிடிச்சுட்டு நிக்கப்போற மனுஷனுக்குக் கடைசியா கொடுக்கிறோம். இது தப்பு. குளிர் தண்ணில இது உயிருக்கே ஆபத்தான தப்பு.

மோதிரம் போன கதை

செப்டம்பர்ல நானும் என் ரூம்மேட்டும் மிச்சிகன் ஏரிக்குக் குளிக்கப் போனோம். ஏரின்னு பேரு, நின்னு பார்த்தா எதிர்க்கரை தெரியாது. அலை, மணல்னு எல்லாம் மெரினா மாதிரியே இருக்கும், உப்பு மட்டும் இருக்காது. திரும்பி வரும்போது அவன் விரல்ல மோதிரம் இல்ல. இன்ஜினியரிங் சீட் கிடைச்சப்போ அவங்க தாத்தா போட்டுவிட்ட அரைப் பவுன் மோதிரம். தாத்தா இப்போ இல்ல. பையன் ஒரு வாரம் சரியா சாப்பிடலை.

குளிர்ந்த தண்ணில விரல் சுருங்கும். அதுவரைக்கும் இறுக்கமா இருந்த மோதிரம் சத்தமே இல்லாம நழுவிடும். அதனாலதான் குளிர் நாட்டுக் கடற்கரைகள்லயும் ஏரிக்கரைகள்லயும் மெட்டல் டிடெக்டரோட தேடுறவங்களுக்கு மோதிரம் அதிகமா கிடைக்குது. அவங்க சீசன் தொடங்குறதே குளிக்கிற கூட்டம் வீட்டுக்குப் போன பிறகு, அதாவது இலையுதிர் காலத்துலதான். கடற்கரைன்னா இன்னொரு காரணமும் இருக்கு. குளிர்காலப் புயல் அலைகள் கரை மணலை அரிச்சு உள்ளே இழுத்துட்டுப் போயிடும். அப்போ ஆழத்துல கிடந்த கனமான பொருள் மேல தெரியும்.

எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பெரியவர் இருக்கார். ரிட்டையர் ஆனவர், பல வருஷமா இதைப் பண்றவர். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்காம தன்னோட பழைய டிடெக்டரைத் தூக்கிக் கொடுத்துட்டார். கூடவே, "சரி, என்ன போட்டுட்டு இறங்கப்போறீங்க?"ன்னு கேட்டார். நாங்க சிரிச்சோம். அந்தக் கேள்விதான் முக்கியமான கேள்வின்னு அப்போ எங்களுக்குத் தெரியலை.

முதல் நாள்: 25 நிமிஷம்

அக்டோபர் கடைசி. தண்ணி சுமார் 12 டிகிரி. நம்ம சென்னைக் கடல் வருஷம் முழுக்க 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதுல குளிச்சு வளர்ந்த நமக்கு 12-ங்கிறது ஒரு நம்பர், அவ்வளவுதான். உடம்புக்கு அது என்னன்னு தெரியாது.

20 டாலருக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பிவிசி வேடர்ஸ் வாங்கியிருந்தேன். உள்ளே ஜீன்ஸ், காலுக்கு ரெண்டு ஜோடி காட்டன் சாக்ஸ். இடுப்பு பெல்ட் தனியா விக்கிறாங்கன்னு வாங்கலை. பத்து நிமிஷத்துல பாதம் மரத்துப்போச்சு. இருபது நிமிஷத்துல டிடெக்டர் பட்டனை அமுக்க விரல் வரலை. இருபத்தஞ்சாவது நிமிஷம் மணல் திட்டைத் தாண்டி ஒரு பள்ளத்துல கால் வெச்சேன். அந்த ஏரில கரைக்கு இணையா மணல் திட்டும் அதுக்கு நடுவுல பள்ளமும் மாறி மாறி வரும். தண்ணி நெஞ்சுக்கு மேல ஏறி உள்ளே இறங்கிடுச்சு.

அந்த நொடி என்ன ஆகும்னு சொல்றேன். மூச்சு தானா உள்ளே இழுக்கும். நீங்க இழுக்கறது இல்ல, அதுவா இழுக்கும். கத்தணும்னு நினைச்சேன், குரல் வரலை. ரூம்மேட் தோண்டுற ஸ்கூப்போட நீளக் கைப்பிடியை நீட்டினான். அதைப் பிடிச்சுக் கரைக்கு வந்தேன். வந்தேன்னு சொல்றதை விட அவன் இழுத்தான்னு சொல்லணும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. உள்ளே முப்பது லிட்டர் ஏறியிருந்தா, கரைல கால் தூக்கும்போது முப்பது கிலோ கூட வருது.

இதுக்குப் பேரு கோல்ட் ஷாக். 15 டிகிரிக்குக் கீழே இருக்கிற தண்ணில திடீர்னு விழுந்தா இது வரும். கனடாவுல மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் பிரபலப்படுத்தின ஒரு கணக்கு இருக்கு: 1-10-1. மூச்சைக் கட்டுக்குள்ள கொண்டுவர 1 நிமிஷம். கையும் காலும் நீங்க சொல்றதைக் கேட்கிறது 10 நிமிஷம். உடம்புச் சூடு இறங்கி நினைவு போக 1 மணி நேரம். ரொம்பக் குளிர்ந்த தண்ணிக்கான தோராயக் கணக்கு இது. "ஒரு மணி நேரம் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. பல பேர் போறது அந்த முதல் நிமிஷத்துலதான்.

இப்போ ஹீட் ட்ரான்ஸ்ஃபர் புத்தகத்தை எடுங்க

அரியர் வெச்சவங்களும் எடுங்க. தண்ணியோட வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.6. காத்தோடது 0.025. கிட்டத்தட்ட 24 மடங்கு. அதனாலதான் 12 டிகிரி காத்துல ஸ்வெட்டரோட நடக்கிற நாம 12 டிகிரி தண்ணில நடுங்குறோம்.

வேடர்ஸ் முக்கியமா மூணு வகை. முதல் வகை பிவிசி இல்லன்னா ரப்பர். விலை கம்மி, தண்ணியைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. ரெண்டாவது, மூச்சு விடுற துணி. வேர்வை ஆவி வெளியே போகும், தண்ணி உள்ளே வராது. நாள் முழுக்க நடந்து மீன் பிடிக்கிறவங்களுக்கு அருமையான உடை. ஆனா அதுல இன்சுலேஷன்னு எதுவும் கிடையாது. மூணாவது, நியோப்ரீன். 1930-ல டுபான்ட் கம்பெனி உருவாக்கின செயற்கை ரப்பர். அதை நுரையாக்கினா உள்ளே ஆயிரக்கணக்கான வாயுக் குமிழ் அடைபடும். குளிரைத் தடுக்கறது அந்தக் குமிழ்கள்தான். 1952-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் வெட்சூட் பண்ணினதும் இந்த யோசனையை வெச்சுத்தான்.

கணக்கு போடுவோம். தோல் 30 டிகிரி, தண்ணி 12 டிகிரி, வித்தியாசம் 18. தண்ணிக்குள்ள இருக்கிற கால், இடுப்புப் பரப்பு 0.8 சதுர மீட்டர்னு வெச்சுக்கோங்க. மெல்லிய துணி வேடர்ஸுக்குள்ள ஒரு ஃப்ளீஸ் பேன்ட். தண்ணி அழுத்தத்துல அது 3 மி.மீ. தடிமனுக்கு நசுங்கும். கடத்துத்திறன் 0.04. வெளியேறுற வெப்பம் சுமார் 190 வாட். அதே ஃப்ளீஸுக்கு மேல 5 மி.மீ. நியோப்ரீன், கடத்துத்திறன் 0.05. இப்போ சுமார் 80 வாட். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு தயாரிக்கிற வெப்பமே ஏறக்குறைய 100 வாட்தான். 190-ங்கிறது வரவுக்கு மீறின செலவு. 80-ங்கிறது சமாளிக்கக்கூடிய செலவு. இது புத்தகக் கணக்குதான், நிஜத்துல அலை, அசைவு, ரத்த ஓட்டம்னு நிறைய இருக்கு. ஆனா எந்தப் பக்கம் சாயணும்னு முடிவெடுக்க இது போதும்.

அந்த "நசுங்கும்"ங்கிற வார்த்தையையும் கவனிங்க. ஒரு மீட்டர் ஆழத்துல தண்ணி கூடுதலா சதுர மீட்டருக்கு ஒரு டன் எடை மாதிரி அழுத்துது. ஃப்ளீஸுக்குள்ள இருக்கிற காத்துதான் நம்மளைக் காப்பாத்துது, அதையே தண்ணி பிழிஞ்சு எடுக்குது. நியோப்ரீன் நுரை இடுப்பளவு ஆழத்துல அவ்வளவா நசுங்காது.

அதனால தேடுறவனுக்கு என் ஓட்டு 5 மி.மீ. நியோப்ரீனுக்கு, நெஞ்சு வரைக்கும் வர்ற மாடலுக்கு. மீன் பிடிக்கிறவங்க நடந்துட்டே இருப்பாங்க. நாம ஒரே இடத்துல நின்னு ஆமை மாதிரி நகர்றோம். உடம்பு சூடு பிடிக்க வாய்ப்பே இல்ல.

கடைக்காரர் சொல்லாத விஷயங்கள்

பூட்ஸ் ஒட்டியே வர்ற மாடல், சாக்ஸ் மாதிரி முடிஞ்சு தனியா பூட்ஸ் போடுற மாடல்னு ரெண்டு இருக்கு. மணல்ல நிக்க ஒட்டியே வர்றதுதான் நல்லது, நடுவுல மணல் புகாது. ஆனா முன்பக்கம் ஸ்டீல் தொப்பி வெச்ச பூட்ஸ் வேண்டவே வேண்டாம். காயில் பக்கத்துல வரும்போதெல்லாம் உங்க கால் கட்டைவிரலையே டிடெக்டர் புதையல்னு கத்தும். ஸ்டீல் குளிரையும் உள்ளே கடத்தும்.

ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. ரெண்டு சாக்ஸைத் திணிச்சா சூடா இருக்கும்னு நினைச்சு நான் பண்ணினது தலைகீழா முடிஞ்சுது. இறுக்கினா ரத்த ஓட்டம் குறையும், காத்து அடுக்கும் காணாமப் போகும். ஒரே ஒரு கனமான கம்பளி சாக்ஸ், விரலை ஆட்ட இடம், போதும்.

காட்டனுக்குத் தடா. ஜீன்ஸ், பனியன், காட்டன் சாக்ஸ் எல்லாம் ஈரத்தைக் குடிச்சுட்டு விடாது. அந்த ஈரம் ஏரித் தண்ணியாத்தான் இருக்கணும்னு இல்ல, உங்க வேர்வையே போதும். நியோப்ரீன் வேர்வையை வெளியே விடாது. அதனால கார்லயே மாட்டிட்டு அரை மைல் மணல்ல நடக்காதீங்க. தண்ணி ஓரத்துல போய் மாட்டுங்க.

கைக்கு வருவோம். தங்க மோதிரத்துக்கு டிடெக்டர் காட்டுற எண்ணும் கூல் டிரிங்ஸ் டின்னோட அலுமினிய வளையத்துக்குக் காட்டுற எண்ணும் பல நேரம் ஒண்ணுதான். அதனால சிக்னல் வந்த எல்லாத்தையும் தோண்டி எடுக்கணும், ஸ்கூப்புக்குள்ள கையை விடணும். முழங்கை வரைக்கும் வர்ற நியோப்ரீன் கிளவுஸ் இல்லாம இது நடக்காது. இரும்புத்தூள் வெச்ச ஹீட் பாக்கெட்டை வேடர்ஸ் பாதத்துல போட்டா வேலை செய்யும்னு நம்பாதீங்க. இரும்பு ஆக்ஸிஜனோட சேர்ந்து துருப்பிடிக்கும்போது வர்ற சூடு அது. அடைச்ச இடத்துல ஆக்ஸிஜன் தீர்ந்ததும் அணைஞ்சிடும். ஜாக்கெட் பாக்கெட்ல வெச்சுக்கோங்க, இடைவேளைல கைக்கு உதவும்.

தலைக்குக் குல்லா போடுங்க. பாதிச் சூடு தலை வழியா போகுதுங்கிறது கட்டுக்கதை, பத்துல ஒரு பங்கு இருக்கும். ஆனா தண்ணிக்கு மேல காத்துல நிக்கிற பகுதி அது. "ஒரு பெக் அடிச்சா சூடாகும்"னு எவனாவது சொன்னா, அவனைக் கரைலயே உட்கார வைங்க. தோல் பக்கம் ரத்தம் பாஞ்சு சூடு மாதிரி தோணும், உள்சூடு வேகமா வெளியே போகும். பிளாஸ்க்ல டீ எடுத்துட்டுப் போங்க.

இப்போ பெல்ட். வேடர்ஸ்ல தண்ணி ஏறினா அடில இழுத்துட்டுப் போயிடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. ஆர்க்கிமிடீஸ் கேட்டா சிரிப்பார். தண்ணிக்குள்ள இருக்கிற தண்ணிக்கு எடை தெரியாது. அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் இதை நிரூபிக்கப் பாலத்துல இருந்து வேடர்ஸோட ஆத்துக்குள்ளயே குதிச்சுக் காட்டினார். நிஜ ஆபத்து ரெண்டு: உள்ளே ஏறுற குளிர், வெளியே ஏறும்போது கனம். இடுப்புல இறுக்கிக் கட்டின பெல்ட் ரெண்டையும் தாமதப்படுத்தும். சில டாலர் பொருள். நான் வாங்காம விட்டது அதைத்தான்.

"தம்பி, அப்போ நல்ல டிடெக்டர் வேண்டாமா?"

வேண்டும். உப்புத் தண்ணில சாதாரண ஒத்தை அலைவரிசை மெஷின் உளறும், ஏன்னா உப்புத் தண்ணியே மின்சாரத்தைக் கடத்தும். அங்கே பல அலைவரிசை அல்லது பல்ஸ் வகை தேவை. ஏரி மாதிரி நல்ல தண்ணிக்கு ஓரளவு விலையில இருக்கிற, முழுசா தண்ணில முக்கக்கூடிய மெஷின் போதும்.

ஆனா இதைப் பாருங்க. எங்க வேகத்துல, தோண்டுற நேரத்தையும் சேர்த்து, நிமிஷத்துக்கு 2 சதுர மீட்டர் அலசினோம். 25 நிமிஷத்துல 50 சதுர மீட்டர். அவன் குளிச்ச இடம் தோராயமா 20-க்கு 15, மொத்தம் 300. நல்ல உடையோட இடைவேளை விட்டு இரண்டரை மணி நேரம் நின்னா 300-ம் முடியும். ஆறு மடங்கு. எந்த டிடெக்டரை மாத்தினாலும் ஆறு மடங்கு ஆழமோ ஆறு மடங்கு வேகமோ வராது. அதோட, குளிர்ல நடுங்குறவன் காயிலை அவசரமா வீசுவான், மெல்லிய சிக்னலைக் கேட்காம "இது டின்னுதான்"னு விட்டுடுவான். நானே விட்டிருக்கேன்.

ரெண்டாவது நாள் பெரியவர் சொன்ன மாதிரி எல்லாம் போட்டுப் போனோம். 300 சதுர மீட்டரையும் கயிறு கட்டி வரிசையா அலசினோம். கிடைச்சது இருபத்திரண்டு டின் வளையம், கொஞ்சம் சில்லறை, ஒரு பொம்மைக் கார். மோதிரம் இல்ல. ஆனா மோதிரம் அங்கே இல்லைன்னு உறுதியா சொல்ல முடிஞ்சுது. முதல் நாள் அதைக்கூட சொல்ல முடியலை. மூணாவது நாள், நவம்பர் முதல் வாரம், கட்டத்தை வலது பக்கம் தள்ளிப் போட்டோம். நாற்பது நிமிஷத்துல இன்னொரு டின் வளையம் மாதிரி சிக்னல். ரூம்மேட் ஸ்கூப்பை அலசிட்டு அப்படியே நின்னான். நான் "என்னடா, டின்னா?"ன்னு கேட்டேன். பதில் சொல்லலை. கிளவுஸோட அதை விரல்ல போடப் பார்த்துட்டு இருந்தான்.

எதிர்வாதம்

"ஒரு மோதிரத்துக்காக உயிரைப் பணயம் வைக்கணுமா? போகாமலே இருக்கலாமே?" நியாயமான கேள்வி. எங்க அம்மா போன்ல கேட்டதும் இதேதான், கொஞ்சம் சூடான வார்த்தைல. என் பதில்: பணயம் வைக்கணும்னா போகவே கூடாது. அதனாலதான் எனக்கு நானே சில கோடு போட்டு வெச்சிருக்கேன்.

தனியா இறங்க மாட்டேன். தண்ணி இடுப்பைத் தாண்டினா திரும்பிடுவேன், நெஞ்சு வரைக்கும் வேடர்ஸ் இருக்கறது அலைக்காக, ஆழத்துக்காக இல்ல. அலை அடிக்கிற நாள்ல வேடர்ஸோட போக மாட்டேன், கடலலைக்குள்ள நிக்கணும்னா அதுக்கு வெட்சூட்தான் சரி. துறைச் சுவர்ப் பக்கம் போக மாட்டேன், அங்கே இழுவை நீரோட்டம் இருக்கும். லைஃப் ஜாக்கெட் போடுவேன். கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொட முடியலைன்னா அந்த நிமிஷமே வெளியே வந்துடுவேன். கார்ல ஒரு செட் காய்ஞ்ச துணி இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் வேடர்ஸைக் கழுவிக் காய வைக்கணும். அந்த ஏரிகள்ல ஜீப்ரா மஸ்ஸல்னு ஒரு சிப்பி. 1988-ல செயின்ட் கிளேர் ஏரில கண்டுபிடிச்சாங்க, இப்போ எல்லா இடத்துலயும் பரவிடுச்சு. அதோட ஓடு பிளேடு மாதிரி வேடர்ஸைக் கிழிக்கும். ஈரமான வேடர்ஸோட அடுத்த ஏரிக்குப் போனா அதை நாமளே பரப்பினவங்க ஆவோம்.

சட்டமும் பார்த்துக்கோங்க. மிச்சிகன் ஸ்டேட் பார்க்குகள்ல எங்கெங்கே தேடலாம்னு தனியா குறிச்சு வெச்சிருக்காங்க. ஏரி அடியில கிடக்கிற வரலாற்றுப் பொருளை அனுமதி இல்லாம எடுக்கக் கூடாது. "அண்ணா, நம்ம ஊர்ல பண்ணலாமா?"ன்னு கேட்கப்போறவங்களுக்கு: இந்தியப் புதையல் சட்டம் 1878-ல வந்தது. மண்ணுல புதைஞ்சு கிடைக்கிற பொருளோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும். வாங்குறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க.

கடைசியா

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நாங்க ஒரு விவசாய ட்ரோன் பண்ணினோம். கேமராவுக்கு மட்டும் பாதி பட்ஜெட். அதை வெயில்ல நின்னு இயக்கப்போற ஆளுக்கு ஸ்கிரீன் தெரியுமான்னு யாரும் யோசிக்கலை. டெமோ அன்னைக்கு ஸ்கிரீன்ல எங்க மூஞ்சிதான் தெரிஞ்சுது. அப்போ சிரிச்சுட்டு விட்டுட்டோம். 12 டிகிரி தண்ணில நெஞ்சு வரைக்கும் முங்கி நின்னப்போதான் அதே தப்பைத் திரும்பப் பண்ணியிருக்கேன்னு உறைச்சுது.

அடுத்த தடவை எந்தக் கருவி வாங்கினாலும், ஸ்பெக் ஷீட் பார்க்கிறதுக்கு முன்னாடி பெரியவர் எங்ககிட்ட கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கோங்க. இதைப் பிடிச்சுட்டு நிக்கப்போறவன் எவ்வளவு நேரம் நிப்பான்?

மிச்சிகன் வர்றவங்க சொல்லுங்க. என்கிட்ட ஒரு எக்ஸ்ட்ரா பெல்ட் இருக்கு.